பையில் இருந்த இன்னொரு சாவி

துவாரத்தில் போட்டுத் திருகும் சாவி அந்த பைக்கிற்குக் கிடையாது. கறுப்பு வில்லை மாதிரி ஒன்று கொடுத்தார்கள்; அது சட்டைப் பையில் இருந்தால் போதும், பொத்தானை அழுத்தியதும் வண்டி கிளம்பும். அப்படி இரண்டு. ஒன்றைக் கணவன் வைத்துக்கொண்டான். மற்றதை அவள் கைப்பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான்.

"நான் எதையும் தொலைக்கிற ஆளு. இது உன் பைய விட்டு வெளிய வரவே கூடாது."

ஆறு வருடம் வரவில்லை. சேர்ந்து போகும்போது அவன் சாவியை வீட்டிலேயே மறந்து வைத்திருந்தாலும் வண்டி கிளம்பிவிடும். "பாத்தியா, உன்ன நம்பித்தான் ஓடுது" என்று பின்னால் திரும்பிச் சிரிப்பான்.

அந்தச் சாவிதான் அவனைக் கொன்றது என்று அவனுடைய அண்ணன் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். கணவன் வாசலில் வண்டியைக் கிளப்பி ஓடவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் வந்தார், "பத்து நிமிஷம்டா" என்றார், ஏறிப் போய்விட்டார். சாவி தம்பியின் சட்டைப் பையில். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் சாவி விலகிப் போனாலும் அந்த வண்டி நிற்காது. முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டால் போச்சு, சாவி வரும்வரை அசையாது. விளக்கைப் பார்த்து வண்டி ஓட்டுகிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, மேட்டு ரோட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்கிற இடம் அது. வண்டி திரும்பக் கிளம்பாததும் தம்பிக்குப் போன் போட்டார்.

தம்பி சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான். உச்சி வெயில். பேருக்குக்கூட ஒரு மரம் இல்லாத மேடு. அதற்கு முந்தின மாதம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தொட்டி கண்ணுக்குத் தெரிகிற வளைவில் விழுந்தான்.

அவள் அப்போது கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் போனையும் பையையும் லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது கடைச் சட்டம். ஆள் வந்து சொல்லி, லாக்கரைத் திறந்தபோது, அவன் இரண்டு முறை கூப்பிட்டிருந்தது தெரிந்தது.

அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. அடக்கம் முடிந்த அன்றே கூடத்தில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "வண்டி நின்னு போச்சுன்னுதான் சொன்னேன். நடந்து வாடான்னு நானா சொன்னேன்? இவ கடை தொட்டிக்குப் பக்கம். ரெண்டாவது சாவி இவ பையில. ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான். எடுத்திருந்தா அவன் ஏன் நடக்கப் போறான்?"

மாமியார் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். அதோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஏழு மாதம், ஒரு வார்த்தை இல்லை. தட்டை மேசையில் வைக்கும் சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் பையில் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவர் அண்ணன். சாவியும் அதில் இருந்தது. மறுவாரமே, "சும்மா நின்னா துருப்பிடிச்சிரும்" என்று வண்டியை எடுத்துப் போனார். இப்போது அதைத் தன் பேருக்கு மாற்ற அவள் கையெழுத்து வேண்டும் என்று வாரம் ஒருமுறை போன்.

அவர் அந்த மேட்டில் நடக்க வேண்டும். அதே வெயிலில், அதே தூரம். ஏழு மாதமாக அவள் வேண்டியது இது ஒன்றுதான். எப்படி என்று தெரியாமல் இருந்தது.

சாவிக்காரர்தான் வழி சொன்னார், தெரியாமலே. பையில் கிடந்த சாவிக்கு பேட்டரி மாற்றப் போயிருந்தாள். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கேட்டார். "இன்னொண்ணு எங்கம்மா?"

"திருட்டுப் போச்சுண்ணே."

"அப்ப வண்டியக் கொண்டாங்க. புதுசு ஒண்ணு போட்டு, இதையும் அதையும் சேர்த்துப் பதிஞ்சிரலாம். பதியும்போது பக்கத்துல இல்லாத சாவிய வண்டி மறந்துரும்."

"மறந்தா?"

"அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக். குழந்தைக்கு விளையாடக் குடுக்கலாம். திருடினவன் வருஷம் பூரா பொத்தானை அமுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்." தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் பெயிண்ட் கிடங்கில் மேற்பார்வையாளர். சனிக்கிழமை ஒரு மணிக்கு விடுவார்கள். அந்தச் சனிக்கிழமை அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கிடங்கு வாசலில் நின்றாள். வண்டி கொட்டகையில் நின்றது. காவல்காரருக்கு அவள் கணவனைத் தெரியும்.

"சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறேண்ணே. பன்னெண்டுக்குள்ள கொண்டாந்து விட்டுர்றேன். அத்தான்கிட்ட சொல்ல வேணாம், வீணா டென்ஷன் ஆவாரு."

"உங்க வண்டிய நீங்க எடுக்கறதுக்கு என்னம்மா? சாவி?"

அவள் பையைத் தட்டிக் காட்டினாள்.

"பைக்குள்ளயேவா? நல்ல வண்டி! என் வீட்டுக்காரி மாதிரி. பக்கத்துல போனாத்தான் பேசும், தள்ளி நின்னா உம்முன்னு இருக்கும்."

கணவன்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். நேராகச் சாவிக்காரர் கடைக்கு ஓட்டினாள். சாவிக்காரர் சீட்டைக் கழற்றி ஒரு பெட்டியின் ஒயரைச் சொருகினார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"அவ்வளவுதான்மா. அந்தத் திருட்டுச் சாவி செத்துப்போச்சு."

அந்த வார்த்தை மட்டும் அவளுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டுக்குள் வண்டி பழைய இடத்தில் நின்றது. ஒரு மணிக்கு அண்ணன் வெளியே வந்தபோது அவள் வண்டியின் ஹேண்டில் மேல் கை வைத்து நின்றிருந்தாள். பை தோளில்.

"என்னம்மா இங்க?"

"பேப்பர்ல கையெழுத்து கேட்டீங்களே அத்தான். வீட்டுக்கு வாங்க, போட்டுத் தர்றேன். எத்தனை நாளைக்குத்தான் இழுத்துட்டுக் கெடக்கறது?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான் உனக்கு புத்தி வந்துருக்கு. வீட்லயே இரு, அரை மணியில வர்றேன்." அரை மணி சிகரெட்டுக்கு என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். அவள் தோளில் தொங்கிய சாவிக்கு வண்டி கிளம்பியது. அவளை ஏறிக்கொள் என்று சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அவர் சொல்ல மாட்டார் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வாசலைத் தாண்டும்போதே மஞ்சள் விளக்கு மினுக்க ஆரம்பித்திருக்கும். மினுக்கட்டும்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். மேசையில் வண்டிப் பேப்பரை விரித்து, மேலே பேனாவை வைத்து, பக்கத்தில் போனை வைத்தாள். எதிரே மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல நிமிரவில்லை.

ஒன்றே முக்காலுக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்தச் சனியன் கிளம்பித் தொலைய மாட்டேங்குது. சாவியில பேட்டரி போச்சு போல. உன்கிட்ட இருக்கறத எடுத்துட்டு வா."

"எங்க இருக்கீங்க அத்தான்?"

"தொட்டிகிட்ட."

மாமியார் கையில் கத்தி நின்றது.

"நீங்களே வந்து வாங்கிட்டுப் போங்களேன்."

"வண்டிய அநாதையா விட்டுட்டு எப்படி வர்றது? எவனாவது உருட்டிட்டுப் போயிருவான். நீ வா. ஆட்டோக்காரன் இந்த மேட்டுக்கு வர மாட்டான், நடந்தே வா."

"வெயில் கொளுத்துதே. அவ்வளவு தூரம் எப்படி நடக்கறது?"

"நடந்தா தேஞ்சா போயிருவ? அவனும் அன்னைக்கு இதே பாட்டுத்தான். மூச்சு வாங்குதுண்ணே, கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்னு பாதி வழியில போன். உக்காராதடா, எந்திரிச்சு வாடான்னு ஒரு அதட்டு அதட்டினேன், வந்தான்ல?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். போனில் மேட்டுக் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அவள் போட்டிருந்த கணக்கில் இது இல்லை. அவரை நடக்க வைப்பதோடு அவள் கணக்கு முடிந்திருந்தது. பாதி வழியில் அவன் உட்காரக் கேட்டான் என்பதை இந்த நிமிடம் வரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

மாமியார் கையைப் புடவையில் துடைத்தார். போனை எடுத்து வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"நடந்து வா."

"அம்மா? நீங்களா? அது வந்து, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"என் புள்ள நடந்தான்ல? நீயும் நடந்து வா. எங்கயும் உக்காராத."

போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். மிச்சக் காயையும் நறுக்கினார், முன்னைவிடப் பொடியாக.

ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டி, முகம் செங்கல் நிறத்தில், ஒரு செருப்பின் வார் அறுந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார். உயிரோடு வந்துவிட்டார். அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

"தண்ணி" என்றார். இரண்டு பெண்களும் அசையவில்லை. அவரே போய்க் குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடித்தார். திரும்பி வந்தபோது மாமியார் காய்த் தோலையெல்லாம் வழித்து வண்டிப் பேப்பர் மேல் போட்டு, பொட்டலமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது வண்டிப் பேப்பர்!"

"தெரியும். சாவிய வச்சிட்டுப் போ."

"அது செத்த சாவிம்மா, ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"வை."

வைத்தார். "நான் இப்ப எப்படி வீட்டுக்குப் போறது?"

"வந்த மாதிரியே."

அவர் போன பிறகுதான் அவள் அந்தச் சாவியைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. இரண்டில் எது அவனுடையது என்று தெரிவதற்காக அவள் வைத்த நகச்சாயம். ஏழு மாதம் அது வேறொருவர் பையில் கிடந்தது. இன்று அதை வண்டி மறக்கும்படி செய்தவள் அவளே. அவனிடமிருந்து மிஞ்சிய பொருள் அது என்று காலையில் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

மூன்று சாவியையும் பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். வண்டியைக் கொண்டுவர வேண்டும்.

"வெயில் தாழட்டும்" என்றார் மாமியார், பொட்டலத்தைப் பார்த்தபடியே.

"இல்ல அத்தை. இப்பவே போறேன்."

அவன் விழுந்த வளைவு வந்தபோது உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தாள். எழுந்து வா என்று அதட்ட அங்கே ஆள் இல்லை. வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்துவிட்டு, தொட்டியை நோக்கி நடந்தாள்.