ஏழாம் பதில்

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் பின்னறையில் மூன்று மேஜை, இரண்டு கணினி, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். வீட்டிலேயே உடம்பைச் சோதித்துக்கொள்ளும் சாமான்களை இணையத்தில் விற்கிறோம். காய்ச்சல் பார்க்கும் கருவி, எடை மெஷின், எல்லாவற்றையும்விட அதிகமாக பி.பி. மெஷின். என் வீட்டுக்காரர் பெட்டி கட்டுவார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவான். இந்த இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பது நான்.

யார் என்ன கேட்டாலும் இரண்டு நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். இது நான் போட்ட சட்டம். மூன்றாவது நிமிடம் ஆனால் கொழுந்தனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவனுக்குக் கழுத்து வியர்க்க ஆரம்பித்துவிடும். இன்னொரு சட்டமும் உண்டு. குறை சொல்லி வருகிறவர்களைத் திருப்பிக் கேள்வி கேட்டு நோகடிக்கக் கூடாது. ஒரு தடவை ஓடாத மின்விசிறி ஒன்றுக்காக ஏதோ ஒரு கடைக்காரன் என்னை எட்டுக் கேள்வி கேட்டு அழவைத்தான். அந்தக் கடுப்பில் பிறந்த சட்டம். இந்த இரண்டினால்தான் எங்களுக்கு ஐந்து நட்சத்திரமாக வந்து குவிகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்து இறங்கிய பி.பி. மெஷின்களில் ஒரு பெட்டி முழுக்கக் கோளாறு. கல்லுக்குண்டாட்டம் இருக்கிறவர்களுக்கும் நாற்பது புள்ளி ஏற்றிக் காட்டியது. ஜனங்கள் பதறிப் போய் எழுதினார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் எழுதிக் கொழுந்தனுக்கு விரல் தேய்ந்தது. அதனால் ஒரு பதிலை நானே உட்கார்ந்து எழுதித் தயாராக வைத்தேன். ஏழாம் எண்ணைத் தட்டினால் போதும், போய்விடும்.

‘பயப்பட வேண்டாம். மெஷின் தவறாகக் காட்டுகிறது. உங்களுக்கு ஒன்றுமில்லை. புது மெஷின் இன்றே அனுப்புகிறோம். பழையதை மெதுவாகத் திருப்பி அனுப்புங்கள்.’

‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்பது முதலில் இல்லை. படித்துப் பார்த்தபோது கொஞ்சம் மொட்டையாக இருந்தது. மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று நான்தான் சேர்த்தேன்.

போன வாரம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். திரும்பி வந்த பெட்டிகளை என் வீட்டுக்காரர் பிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர். அவர் வாயைத் திறந்தார்.

"இங்க கொஞ்சம் வா."

அவர் கையில் பட்டை கட்டியிருந்தது. மெஷின் 118 காட்டியது. கழற்றிவிட்டு எங்களுடைய சொந்த மெஷினைக் கட்டிக்கொண்டார். அதிலும் 120.

"அடியில இருக்கிற நம்பரைப் பார்த்தேன். கோளாறு பெட்டியில இந்த நம்பரே இல்ல. இது நல்ல மெஷின்."

"நல்ல மெஷினை எதுக்குத் திருப்பி அனுப்பியிருக்காங்க? சிலருக்கு இதே பொழப்பு" என்று சலித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். சிரிக்கவில்லை.

"மெஷின் நல்லதுன்னா, அது காட்டினதும் சரிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிமேல் இருந்த பெயரைப் பார்த்தேன். எங்களுடைய பழைய வாடிக்கையாளர், டிரைவர் ஐயா. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடிதம் எழுதுகிற மாதிரி வணக்கம் போட்டு, நலம் விசாரித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார். அவர் எழுதினால் கொழுந்தன் சத்தமாக வாசித்துக் காட்டுவான், நாங்கள் சிரிப்போம்.

"டிரைவர் ஐயா எழுதினதை எடு" என்றேன்.

கொழுந்தன் எடுத்தான். ஒன்பது நாளைக்கு முந்தையது. ‘வணக்கம். வீட்டில் அனைவரும் நலமா? மூன்று நாளாக மெஷின் 188, 194, 190 என்று காட்டுகிறது. பின்மண்டை கனக்கிறது. நாளை டாக்டரிடம் போவதாக இருக்கிறேன். மெஷினில் ஏதும் பழுது இருக்குமா என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.’

கீழே எங்கள் பதில். ஏழு. ஒரு நிமிடம் பத்து நொடியில் போயிருந்தது.

அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார். ‘ரொம்ப நிம்மதி அம்மா. டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டேன். மகளிடமும் சொல்லிவிட்டேன்.’ பக்கத்தில் ஐந்து நட்சத்திரம்.

"இதுக்கப்புறம் எழுதலையா?"

"எழுதினாரு அண்ணி. இன்னைக்குக் காலையில."

நகர்த்திக் காட்டினான். ‘வணக்கம். நீங்கள் அனுப்பிய புது மெஷின் 206 காட்டுகிறது. இதுவும் பழுது போலிருக்கிறது. அடிக்கடி தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்.’

அதற்கும் கீழே ஏழு.

ஓங்கி அறைந்துவிடலாம் என்று கை எழுந்தது. "அறிவிருக்கா உனக்கு? ரெண்டாவது மெஷினும் அதே மாதிரி காட்டுதுன்னா யோசிக்க மாட்டியா? நம்பரைக் கேட்க மாட்டியா?"

"கேட்கக்கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே அண்ணி" என்றான். எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. அழுகிற குரல்.

கை அப்படியே நின்றுவிட்டது.

டிரைவர் ஐயாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தேன். முகவரி பெட்டிமேலேயே இருந்தது. இருபது நிமிட தூரம். வண்டியைக் கொழுந்தன் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்து போன் அடித்துக்கொண்டே போனேன். அவர் குளித்துக்கொண்டிருக்கலாம், கடைக்குப் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் மாடி. மணியை அழுத்தினேன். உள்ளே செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு கால் மட்டும் தேய்கிற சத்தம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, வாரிய தலை, இடது கையில் அழகாகக் கட்டிய பெட்டி. திருப்பி அனுப்பத் தயாராக வைத்திருக்கிறார். அப்பாடா என்று மூச்சு வந்தது.

"ஐயா, நாங்க கடையிலேர்ந்து வர்றோம்."

அவர் முகம் மலர்ந்தது, ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கம் அசையவே இல்லை. ஏதோ சொன்னார். வார்த்தை வரவில்லை, கொழகொழவென்று சத்தம்தான் வந்தது. என்னை வணங்குவதற்காக வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று தன் கையையே குனிந்து பார்த்தார். பிறகு பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

கொழுந்தன் அவரைத் தாங்கிக்கொண்டான். ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது அந்தத் தெருவின் பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது. பெட்டிமேல் அவர் எழுதியிருந்த அனுப்புநர் முகவரியைப் பார்த்து வாசித்தேன். பாதி எழுத்து ஒழுங்காக இருந்தது. மீதி கீழே கீழே சரிந்துகொண்டு போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் கழித்து மகள் வந்தாள். வேலை செய்கிற இடத்துச் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து, உயிருக்கு ஆபத்தில்லை, கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அவள் நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் வீட்டுக்கு வரலைன்னா அப்பா போயிருப்பாருக்கா. யாருக்கா இந்தக் காலத்துல இப்படிச் செய்வாங்க?"

கொழுந்தன் என்னைப் பார்த்தான். அப்படியே தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், அந்த நினைப்பு வந்தது. கடையின் பெயர் கெட்டுப்போகுமே என்பதும் கூடவே வந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"டாக்டர்கிட்ட போக வேணாங்கிற மாதிரி எழுதினதே நாங்கதாம்மா" என்றேன். "மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. பார்க்காமலே கோளாறுன்னு எழுதிட்டோம். உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதினது நான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கை மட்டும் என் கையை விட்டுவிட்டது.

"நான் அன்னைக்கு லீவு போட்டிருந்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக. கடைக்காரங்களே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, நீ வேலைக்குப் போன்னு அப்பாதான் அனுப்பிவிட்டாரு."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அப்பாவுக்கு மட்டும்தான் இப்படி எழுதினீங்களா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. டிரைவர் ஐயாவின் வீடு, டிரைவர் ஐயாவின் உயிர் என்றே ஓடி வந்திருந்தேன். கொழுந்தன் போனைத் தட்டிப் பார்த்தான். ஏழாம் பதில் போனது நூற்று முப்பத்தொரு பேருக்கு. கோளாறு பெட்டியில் இருந்த மெஷின்கள் நூறு.

"இங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்றாள் அவள். "போங்க. கூப்பிடுங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். பட்டியலைக் கொழுந்தன் கீழிருந்து எடுத்துக்கொண்டான், நான் மேலிருந்து. இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினேன். முதல் எண்ணை ஒரு பெண் எடுத்தார். வயதான குரல், நல்ல உற்சாகமான குரல்.

"கடையிலேர்ந்தா? நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா! புது மெஷின் வந்துச்சு, பிரிக்காமலே எடுத்து வெச்சிட்டேன். இனிமே அது எதுக்கு? இத்தனை வருஷமா எனக்கு பி.பி.ன்னு பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. நீங்க ஒரே வரியில ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கே மாத்திரையை எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்."

"அம்மா" என்றேன். "இப்ப உங்ககூட வீட்டுல யாராவது இருக்காங்களா?"