முழங்கைச் சூடு

ஐஸ் வைக்கிற பெட்டிக்குள் சுடுதண்ணீர் நிற்குமா என்று குருநகரில் அதுவரை யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. சண்டையில் மின்சாரம் நின்று, ஐஸ் அடிக்கிற இடமும் நின்று, கடலுக்குப் போவதும் அனேகமாக நின்றுபோனபின், அடைக்கலநாதனின் பெரிய மீன்பெட்டி வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறப் பத்தியில் சும்மா கிடந்தது. வெளியே பலகை, உள்ளே தகரம், நடுவில் நாலு விரற்கடைத் தடிப்புக்கு ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை. அடியில் ஐஸ் உருகின தண்ணீர் போக ஒரு துளை, அதற்கு ஒரு தக்கை. ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம்.

"குளிரை வெளியிலை விடாத பெட்டி சூட்டை மட்டும் விடுமோ?" என்று கட்டிலில் கிடந்தபடி யோசனை சொன்னவர் அடைக்கலநாதன்தான். யோசனை சொல்ல அவருக்கு நேரம் நிறைய இருந்தது. செய்கிறதுக்குத்தான் பெண்சாதி மக்டலீன் இருக்கிறாளே.

ஷெல் விழுந்து வள்ளம் கவிழ்ந்த அன்று, எஞ்சின் வந்து அவருடைய முதுகில் விழுந்தது. உயிர் தப்பினார். தொப்புளுக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போயிற்று. உணர்ச்சி இல்லாத கால்கள் பேசாமலாவது கிடக்க வேண்டாமா? கிடக்காது. திடீரென்று இழுத்து மடங்கி, முழங்கால் வயிற்றோடு வந்து ஒட்டிக்கொள்ளும். கட்டில் முழுக்க ஆடும். படுக்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் வைத்தால் மட்டும் கால்கள் இளகி, அரைநாள் சொன்னபடி கேட்கும். அதனால் காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால்.

கோயிலடி மருந்தகத்தில் தாதியாக வேலை செய்த செல்வநாயகி மிஸி முதல்நாளே வந்து பார்த்து, விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

"மக்டலீன் அக்கா, இவருக்குச் சுட்டாலும் தெரியாது, வெந்தாலும் தெரியாது. வெந்த புண் இந்தக் கால்களிலை லேசிலை ஆறாது. புண் பழுத்தா ஆளையே கொண்டுபோயிடும். முழங்கையை விட்டுப் பாருங்கோ. கையை நம்பாதேங்கோ."

மக்டலீன் கையை நம்பவில்லை. முதல் ஆறு மாதம் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையைத் தண்ணீரில் வைத்து, மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடியும்வரை பொறுத்துப் பார்த்துத்தான் அவரை இறக்குவாள். கட்டிலும் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இறக்குவதற்குக் கூரை வளையில் ஒரு கப்பி, பழைய வலைத்துண்டில் ஒரு தொட்டில். பக்கத்து வீட்டுச் சூசைதாசன் பொருத்திக் கொடுத்தது. கயிற்றை இழுத்தால் அடைக்கலநாதன் கட்டிலிலிருந்து எழும்பி, அந்தரத்தில் ஆடிக்கொண்டு வந்து பெட்டிக்குள் இறங்குவார்.

"இவ்வளவு காலமும் மீனைத் தூக்கினன். இப்ப நானே மீன்," என்பார்.

"வாங்க ஆளில்லாத மீன்," என்பாள் மக்டலீன். தொடக்கத்தில் இருவரும் சிரித்தார்கள். பிறகு பகிடி மட்டும் மிஞ்சியது.

தண்ணீரை ஒருக்கால் சூடாக்குவது பெரிய காரியமில்லை. ஆக்கின சூட்டைக் காப்பாற்றுவதுதான் ஆக்கினை. நினைத்தபோதெல்லாம் பெட்டியை நிரப்ப விறகு ஏது? மண்ணெண்ணெயைக் கண்ணால் காண்பதே அருமை. ஆகவே இரண்டு நாளைக்கு ஒரே தண்ணீர். காலையில் அவரைத் தூக்கினதும் மூடியைப் போட்டு, மேலே நாலு சாக்கு, அதற்கு மேலே பழைய பாய்த்துணி. பின்னேரம் மூடியைத் திறந்தால் எவ்வளவு ஆறியிருக்கும் என்பது காற்றைப் பொறுத்தது. மார்கழி, தையில் வாடைக்காற்று கோடிப்புறத்துத் தென்னோலைக் கிடுகுக்குள்ளால் நுழைந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி வரும். அந்த நாட்களில் ஒரு கிடாரம் கொதிதண்ணீர் சேர்த்தாலும் போதாது, இரண்டு வேண்டும். சோளகக்காற்று தொடங்கினால் ஒன்று. சித்திரை வெயிலில் ஒன்றும் வேண்டாம். தார்ப்பீப்பாவில் தண்ணீரை முற்றத்தில் வைத்தாலே போதும், வெயில் வேலை செய்யும். தென்னம்மட்டை, ஊமற்கொட்டை, உடைந்த வள்ளங்களின் பலகை என்று கண்ணில் பட்டதெல்லாம் அவள் அடுப்புக்குள் போயிற்று.

இதற்கு நடுவில் அவள் பிழைக்கவும் வேண்டும். விடிய மூன்று மணிக்கு எழும்பி அப்பம் சுடுவாள். கோயில் பூசை முடிகிற நேரம் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்து, கிணற்றில் அள்ளி, விறகு பொறுக்கி, அவரைத் தூக்கி, இறக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து... ஒரே மகள் கலியாணம் கட்டிப் பண்டத்தரிப்பில். அவள் வந்தால் அழுவாள், அழுதுவிட்டுப் போவாள். மக்டலீனுக்கு அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

அலுப்பு வந்தால் முதலில் போவது சின்னச் சின்னக் காரியங்கள்தான். சட்டைக் கையை மடிப்பது போயிற்று. மந்திரம் பாதியில் நின்றது. பிறகு கையை மட்டும் விட்டுப் பார்த்தாள். "நீங்களும் ஒருக்காப் பாருங்கோ," என்று அவரிடமும் கேட்பாள். அவரும் கட்டிலிலிருந்து எட்டிக் கையை விட்டு, "அளவு," என்பார். இருவர் பார்த்தால் பிழை வராது என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். இருபது வருடம் அப்பச்சட்டியில் தோய்ந்த விரல்கள் அவளுடையவை. முப்பது வருடம் கயிறும் வலையும் இழுத்துத் தோல் தடித்த உள்ளங்கை அவருடையது. நல்ல சாட்சிகள்!

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் காற்று விழுந்துவிட்டது. காலையிலிருந்து கிடுகுகூட அசையவில்லை. வெயில் கோடிப்புறத்திலேயே நின்று காய்ந்தது. கடலில் இருந்த காலமென்றால் காற்று விழுந்ததை அடைக்கலநாதன்தான் முதலில் சொல்லியிருப்பார். கட்டிலில் கிடக்கிறவருக்கு எந்தக் காற்று? பெட்டிக்குள் காலைத் தண்ணீர் அரைவாசிகூட ஆறவில்லை. மக்டலீன் நின்று யோசிக்கவில்லை. வாடைக்கால வழக்கப்படி இரண்டு கிடாரத்தையும் கொதிக்கவைத்து, இரண்டையும் ஊற்றினாள். கையை விட்டுப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"அளவு," என்றார்.

கயிற்றை இழுத்து இறக்கினாள். தண்ணீர் அவருடைய இடுப்பு மட்டத்தில் நின்றது. அவள் பக்கத்தில் குந்தியிருந்து பெட்டி விளிம்பில் தலையைச் சாய்த்தாள். கண்ணை ஒரு நிமிடம் மூடினாள்.

கோயிலில் பின்னேரத் திரிகால மணி அடித்தபோது திடுக்கிட்டு எழும்பினாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போயிருந்தது. அவர் தண்ணீருக்குள் அப்படியே இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ, மாதாவே," என்று கயிற்றை இழுத்தாள். பொழுது பட்டிருந்தது. மெழுகுதிரியை வீணாக்காமல் அவசரமாகத் துடைத்துப் படுக்கவைத்தாள்.

விடிந்தபின் பார்த்தால், இரண்டு கெண்டைக்காலிலும் குதியிலும் தோல் கொப்புளித்துத் தொங்கியது. மக்டலீன் அப்பத்தை அப்படியே விட்டுவிட்டு மிஸியைக் கூட்டிவர ஓடினாள்.

மிஸி ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்து வைத்துக் கட்டினார். "இனி இரண்டு மாசத்துக்குத் தண்ணி காட்டவே கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரிக்க வாறன். காய்ச்சல் வந்தா உடனை ஆஸ்பத்திரி," என்றார்.

இரண்டு மாதம் தண்ணீர் இல்லை. விறகு இல்லை, கிடாரம் இல்லை, கயிறு இல்லை. மக்டலீனுடைய மனம் அந்த நிமிடத்தில் சந்தோசப்பட்டது. அதை அவள் தெளிவாகவே உணர்ந்தாள். அவருடைய கால்கள் வெந்து கிடக்க, தனக்குள் ஒன்று அப்பாடா என்று உட்காருவதைக் கண்டு தன்னையே வெறுத்தாள்.

அந்தச் சந்தோசம் பின்னேரம் வரைதான். இழுப்பு வந்தது. தண்ணீர் காணாத கால்கள் மடங்கி வர, கட்டுத்துணியில் ஈரம் ஊறியது. அவள் கட்டிலில் ஏறி, அவருடைய முழங்கால்களின்மேல் தன் முழுப்பாரத்தையும் போட்டு அழுத்திப் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

"எல்லாம் என்ரை பிழை. தண்ணி வேண்டாமெண்டு மிஸி சொல்ல எனக்குச் சந்தோசமாக் கிடந்தது. கேட்டியளோ? சந்தோசம்."

அடைக்கலநாதன் வளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"தண்ணி கூடிப்போச்செண்டு. கொஞ்ச நேரத்திலேயே கால் சிவந்ததைக் கண்டனான்."

அவளுடைய பிடி தளர்ந்தது. கால்கள் மேலே எழும்பின. மறுபடி அழுத்தினாள்.

"கண்டுமோ பேசாமல் இருந்தனீங்கள்? ஒரு குரல் குடுத்தா என்ன? நான் பக்கத்திலைதானே கிடந்தனான்!"

"நீ நித்திரை கொண்டாய். வாய் திறந்து, குறட்டையும் விட்டாய். எத்தினை மாசத்துக்குப் பிறகு."

"அதுக்கு? எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்பினா நீ எழும்பியிருப்பாய்," என்றார் அடைக்கலநாதன். "எனக்கு நோகேல்லைத்தானே."

ஏசுவதற்கு அவளுக்கு வாயில் எவ்வளவோ வந்தது. அவருடைய முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, பிடியை விடாமல் அழுதாள்.

"இனி எழுப்புங்கோ," என்றாள் கடைசியில். "மாதா மேலை சத்தியம் பண்ணுங்கோ, எழுப்புவியளெண்டு."

அவர் "ஓம்" என்றார். சத்தியம் பண்ணவில்லை.