குடிகாரன் மலை

நில அளவை அலுவலகத்தில் பெரிய சர்வேயர் கையெழுத்துப் போடவேண்டிய தாள் இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மலையின் பெயர்: குடிகாரன் மலை. பெயர்க் காரணம்: அளவுக்கம்பு பிடிக்கப் போன கொடிக்காரர் குடித்துவிட்டு உச்சியில் தூங்கி, குளிரில் விறைத்து இறந்தார். அடுத்த வாரம் இது பாடப்புத்தகத்தில் ஏறப்போகிறது.

எதிரே அந்தக் கொடிக்காரரின் மனைவி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எம் பொண்ணு டீச்சர் சார். இந்தக் கண்றாவியை அவ வாயாலயே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? இருமல் மருந்தையே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிற மனுஷன் அவர். அன்னிக்குக் கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க, குடிச்சிருந்தாரா?”

சர்வேயர் தாளைத் திரும்பப் பார்த்தார். ஊர் வைத்த பெயராம்! ஊருக்கு என்ன தெரியும், பாவம்? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் எழுதிய அறிக்கையிலிருந்து கிளம்பிய பேச்சு அது.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கொடிக்காரர் உச்சியில் கம்பை நேராகப் பிடித்து நிற்கவேண்டும். எதிர்க்குன்றில் கருவி வைத்துப் பார்ப்பவர், அளவு முடிந்ததும் வெள்ளைத் துணியை வீசிக் காட்டுவார். அதுவரை கம்பு அசையக்கூடாது; அசைந்தால் அன்றைய பாடு அத்தனையும் வீண். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. சர்வேயர் அளவைக் குறித்தார். கருவி நனைந்துவிடுமே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் இறங்கினார். கூடாரத்தில் டீ குடிக்கும்போதுதான் சட்டைப்பைக்குள் கையை விட்டார். துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. அட கடவுளே! அப்போதாவது ஓடியிருக்கலாம். ‘மழை வந்தா அவனே இறங்கிடுவான், சின்னக் குழந்தையா?’ என்று சொல்லிக்கொண்டு இன்னொரு டீ குடித்தார், மனுஷர்.

மறுநாள் கம்பிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. ‘துணி வீசினேன். மது போதையில் அவர் கவனிக்கவில்லை’ என்று அறிக்கை எழுதினார்.

“குடிக்கல,” என்றார் சர்வேயர். “நான் துணி வீசவே இல்லம்மா. மறந்துட்டேன்.”

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷமா அவரைத்தான் சார் கரிச்சுக் கொட்டினேன். இறங்கி வான்னு கூப்பிட்டும் வராம, எங்களை நடுத்தெருவுல விட்டுட்டியே பாவின்னு போட்டோவைப் பார்த்துப் பார்த்துத் திட்டினேன்.”

சர்வேயர் கும்பிடப் போனார்.

“கும்பிடெல்லாம் வேண்டாம். பேனாவை எடுங்க.”

அவர் ‘குடிகாரன்’ என்பதை அடித்தார். வேறு என்ன பெயர் போட என்று கேட்டார்.

“பேரு என்னவோ போடுங்க. காரணத்தை முதல்ல எழுதுங்க. துணி யார் கையில இருந்துச்சுன்னும் எழுதுங்க. எம் பொண்ணு அதை வகுப்புல சத்தமா வாசிப்பா.”

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.