கடற்கரை பங்களாவின் சொந்தக்காரர் ஏசுபாதம்

அரசாங்கக் கணக்குப்படி என் அப்பா ஏசுபாதம், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவின் சொந்தக்காரர். எல்லாப் படுக்கையறையிலும் ஏசி. மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்க ஊஞ்சல். அந்தச் சொந்தக்காரரின் குடும்பம் படுத்தது காலனியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே. மழை வந்தால் நாங்கள் தூங்க மாட்டோம், பாத்திரம் மாற்றிக்கொண்டிருப்போம்.

இதற்கெல்லாம் காரணம் ஹென்ரிக். டென்மார்க்காரர், அறுபது தாண்டியவர். அப்பா தோட்டவேலை செய்யும் கெஸ்ட் ஹவுசுக்கு வருஷா வருஷம் ஜனவரியில் வந்து, வெந்த இறால் நிறத்துக்கு மாறித் திரும்பிப் போவார். ஒரு வருஷம் அவருக்கு இங்கேயே வீடு கட்டும் ஆசை பிடித்துக்கொண்டது. டூரிஸ்ட் விசாவில் வருகிறவர் இங்கே நிலம் வாங்க முடியாது. அதற்கு வழி சொன்னவன் திருப்போரூர் பிளாட் புரோக்கர் பரணிதரன்.

"உன் பேர்ல வாங்கிக்கலாம் அண்ணாத்த. நீ கையெழுத்து மட்டும் போடு. வூடு அவருது, பேரு உன்னுது. உனுக்கு இன்னா நஷ்டம்?"

நான் அப்போது செங்கல்பட்டில் பி.காம். கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். "இதுக்குப் பினாமின்னு பேருப்பா. மாட்னா ஜெயிலு," என்றேன்.

"உன் பொண்ணு ரொம்பப் படிச்சிட்டா அண்ணாத்த. பாப்பா, பேஜார் பண்ணாத."

"இன்னொரு வாட்டி பாப்பான்னு சொல்லு, மூஞ்சியப் பேத்துடறேன்."

அப்பா என்னைத்தான் வெளியே போகச் சொன்னார். பத்திரப் பதிவு அன்று இஸ்திரி போட்ட சட்டையில் போய்விட்டு வந்து, ஒரு வாரம் அம்மாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "சேர் போட்டாங்கடி எல்லம்மா. உக்காருங்க சார்னாங்க." வாழ்நாள் பூராவும் அடுத்தவர் தோட்டத்தில் குனிந்தே நின்ற மனிதர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கையெழுத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் எல்லோர் மேலும் கோபப்பட்டேன்.

பங்களா எழும்பியது. ஹென்ரிக் ஆசை ஆசையாய் ஒரு குளியலறை கட்டினார். கூரை கிடையாது. வானத்தைப் பார்த்துக்கொண்டே குளிக்க வேண்டுமாம். பார்க்கப் போன அம்மா வாயில் கை வைத்தாள். "டப்பு குடுத்தா இதக் கட்னான்? நம்ப வூட்லயும்தான் கீது, பழைய சேல கட்டி." உண்மைதான். ஆனால் எங்களுடையதை யாரும் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டதில்லை.

சாவி அப்பாவிடம். வருஷத்தில் பத்து மாதம் பங்களா பூட்டிக் கிடக்கும். அப்பா போய்ப் பெருக்கிவிட்டு வந்து எங்கள் ஷீட்டுக்குக் கீழே படுத்துக்கொள்வார்.

நான் படிப்பை முடித்து சிறுசேரியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எங்கள் காலனிக்குத் தொகுப்பு வீடு வந்தது. அரசாங்கப் பணத்தில் கான்கிரீட் கூரை. அம்மா கனவில்கூட கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தாள். பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். எங்கள் ஓட்டை ஷீட்டை அண்ணாந்து பார்த்தார். குனிந்து கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்தார்.

"ஏசுபாதம் நீங்கதானே? ஈ.சி.ஆர்.ல உங்க பேர்ல வீடு இருக்கே. வரி, கரண்டு எல்லாம் உங்க பேரு. வீடு இல்லாதவங்களுக்குத்தான் சார் இந்தத் திட்டம்."

"ஐயோ சார், அது என் வூடு இல்ல. வெள்ளக்காரர் வூடு."

"பத்திரம் அவர் பேர்ல இருக்கா?"

"இல்ல சார். என் பேர்ல."

"அப்போ வீடு யாருது?"

அப்பா என்னைப் பார்த்தார். ஹென்ரிக்கினுடையது என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு வரும். தன்னுடையது என்றால் தொகுப்பு வீடு போகும். "என்னுதுதான் சார்," என்றார், கோழி திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

அதிகாரி மேல் குற்றம் சொல்ல முடியாது. படியிறங்கும்போது நிஜமான அக்கறையோடு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். "ஏன் சார், அவ்ளோ பெரிய வீட்ட வச்சிக்கிட்டு ஏன் இங்க கஷ்டப்படறீங்க?"

பரணிதரனுக்குப் போன் போட்டேன். "அடுத்த தபா பாத்துக்கலாம்மா," என்றான். 'பாப்பா' என்ற சொல் மட்டும் போயிருந்தது.

நவம்பர் மழையில் எங்கள் பின்சுவர் விழுந்தது. அம்மா நனைந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரியின் கேள்வி எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. போனை எடுத்து, சாமான் ஏற்றக் குட்டியானை வண்டிக்குச் சொன்னேன்.

"எங்க போறோம்?" என்றார் அப்பா.

"உன் வூட்டுக்கு."

"அடிப்பாவி, சாரு வூடுடி அது!"

"ஆபீசர்கிட்ட உன்னுதுன்னு நீதான சொன்ன? கவர்மெண்டுகிட்டப் பொய் சொல்லலாமா?"

பங்களாவில் அப்பா செருப்பை கேட்டிலேயே கழற்றினார். வராந்தாவில்தான் படுப்பேன் என்று அடம் பிடித்தார். நான் ஏசியைப் போட்டால், சத்தம் கேட்டு ஹென்ரிக் டென்மார்க்கில் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பதுபோல் ஓடி வந்து அணைத்தார். அம்மாவுக்கு அந்த மாதிரித் தொந்தரவு எதுவும் இல்லை. முதல் வேலையாகக் குளியலறைக்கு ஷீட் போட்டாள். மழை விட்டதும் கண்ணாடிச் சாப்பாட்டு மேசையை வெயிலுக்கு இழுத்து அதில் கருவாடு காயவைத்தாள்.

ஹென்ரிக் அந்த வருஷம் பார்த்து கிறிஸ்துமசுக்கே வந்துவிட்டார். கேட்டைத் திறந்தவர் முதலில் கருவாட்டைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"இது என் வீடு," என்றார் ஆங்கிலத்தில்.

கோபத்தில் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். "சத்தமாச் சொல்லுங்க. ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் இன்னும் சத்தமாச் சொல்லலாம். ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"உன் அப்பாவை நம்பினேன்."

"அவரும் உங்களை நம்பினார். அதனாலதான் எங்களுக்கு வீடு இல்லாமப் போச்சு." நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பரணிதரன் இதெல்லாம் சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

அதற்குள் அப்பா ஓடிவந்து, "மன்னிச்சிடு சார்" என்று பெட்டியைத் தூக்கப் போனார்.

"வை கீழ. வூட்டுக்காரரு பொட்டி தூக்க மாட்டாரு," என்றேன்.

"வந்தவர வாசல்ல வச்சி இன்னாடி பஞ்சாயத்து?" அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். "உள்ள வா நைனா. நாஸ்தா துன்னியா?"

ஹென்ரிக் தன் பங்களாவுக்குள் விருந்தாளியாக நுழைந்தார்.

இட்லிக்கு நடுவில் பேசி முடித்தேன். காலனியில் எங்கள் மனைக்குப் பட்டா இருக்கிறது. அரசாங்கம் கொடுக்க இருந்த அளவில் ஒரு கான்கிரீட் வீடு. ஒரு சதுர அடி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முடிந்த அன்றே பங்களாவைக் காலி செய்வோம்.

"யார் பேரில்?" என்றார். அனுபவப்பட்டவர்.

"எங்க அம்மா பேர்ல. இந்தத் தடவை நிஜமாவே அவங்களோடது."

"முடியாது என்றால்?"

"அப்பாவுக்குக் கடல்காத்து நல்லா ஒத்துக்குது."

வராந்தாவில் அப்பா இருமினார்.

எங்கள் காலனி ஹென்ரிக் மாதிரி ஒரு மேஸ்திரியைப் பார்த்ததில்லை. விசா முடிவதற்குள் வீடு முடிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் அவருக்குப் பங்களா இல்லை. பங்களாவின் கடைசிச் சின்ன அறையில் படுத்து எழுந்து, தினமும் அப்பாவின் சைக்கிளில் காலனிக்குப் போனார். கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். "நாளைக்கு வரேன் சார்" என்ற கொத்தனார் சின்னையனை அவர் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிவந்தார்.

"இன்னா தொர, வூடு கட்டிகினு கீற? யாருது?" என்று தெருவில் வேண்டுமென்றே கேட்பார்கள்.

"எல்லம்மா அக்காது," என்பார், ஹோசைக் கீழே வைக்காமல்.

கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று தெருவே கூடியது. அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே ஹென்ரிக், தலையில் துண்டு கட்டி, மறுபடியும் இறால் நிறத்தில்.

அப்பா என்னை ஓரமாக இழுத்தார். "சாருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுமா. நல்லா இருக்காது."

"மாசக்கணக்கா வாடகை இல்லாம நம்ப வூட்ல தங்கிகினு கீறாரே," என்றேன், "அவரு சொன்னாரா?"