எடை இறங்கட்டும்

என் தங்கச்சிக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து, வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதில் கூட்டிக்கொண்டு போவது என்று மட்டும் சொல்லவில்லை. அதெல்லாம் அவர் வேலை இல்லை போலிருக்கிறது.

ஆம்புலன்ஸே வேண்டாம் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றைக்கு அதில்தான் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மறுபடியும் அதில் ஏற்றினால் நடந்தே வந்துவிடுவேன் என்றாள். எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும், பேச்சு மட்டும் குறையவில்லை.

இந்தக் காலத்துக் கார்களுக்கும் வழியில்லை. சீட்டா அது, குழி. உட்கார்ந்தால் முட்டி மூக்குக்கு வந்துவிடும். இவளுக்கோ முட்டியைவிட இடுப்பு கீழே இறங்கக் கூடாது என்று உத்தரவு. மிச்சம் இருந்தது என் பழைய வண்டிதான். நான் வாடகைக்கு ஓட்டிய வண்டி. பின் சீட் பெஞ்சு மாதிரி நீளமாக, நாற்காலி உயரத்துக்கு இருக்கும். கதவும் அகலம். ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கிற அம்மா வாசலுக்கே இறங்கி வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தார். சீட் பிரமாதம் என்றார். சரி, ஒரு சுற்று போய் வருவோம் என்று வாசலில் இருந்த வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினேன். இறங்கும்போது அந்த அம்மா முகம் மாறிவிட்டது. இந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல் இதில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரியாததா. பின்னால் வண்டியின் எடையைத் தாங்கி ஆட்டத்தை அடக்குகிற கமான் பட்டை இரண்டு பக்கமும் செத்துப்போய்க் கிடந்தது. ஒரு பக்கம் அடிப்பட்டையில் விரிசல். என் ஒருத்தனுக்கு அது போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாடலுக்குப் பட்டை இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கடைக்காரன்கள் வண்டி பேரைக் கேட்டதும் சிரிக்கிறான்கள். ஒருத்தன் வேறு வண்டிப் பட்டையை எடுத்து வைத்து, ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணினால் கச்சிதமாக உட்காரும் என்றான். உன் வாயை முதலில் சின்னது பண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் பட்டையைத் தேடி மாப்பிள்ளை கிளம்பினார். மாப்பிள்ளை என்றால் தங்கச்சி புருஷன். கடிகாரக் கடை வைத்திருந்தவர். பெண் பார்க்க வந்தபோது சொந்தக் கடை என்று சொன்னார்கள். கல்யாணம் ஆன பிறகு பார்த்தால், கடை வாடகை, உள்ளே மேசையும் வாடகை. கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி மட்டும்தான் சொந்தம். அன்றிலிருந்து அவர் மணி சொன்னால்கூட நான் வெளியே எட்டி வெயிலைப் பார்த்துக்கொள்வேன்.

கடிகார முள்ளைப் பிடிக்கிற கை கமான் பட்டையை எங்கே பிடிக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் மனுஷன் ஒரு வேலை செய்தார். என் பட்டையின் நுனியில் போல்ட் நுழைகிற கண் இருக்கிறதே, அதை அட்டையில் வைத்து அச்சு எடுத்தார். வளைவுக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று அட்டைகளை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, காலையில் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலை வாரிவிட்டுக் கிளம்பினால், பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்குவார். மதியம் கறுத்துப்போய் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவார். என்னங்க வெயில்ல பெயிண்ட் அடிச்சுட்டு வர்றீங்களா என்று இவள் கேட்பாள்.

புதன்கிழமை கிடைத்தது. இரும்புக் கடையில் இல்லை, அட்டைப்பெட்டி செய்கிற ஒரு பட்டறையில். பின்கட்டில் என் வண்டியோட கூடப்பிறந்தது மாதிரி ஒன்று நிற்கிறது. எஞ்சின் கிடையாது. உள்ளே கூரை வரைக்கும் மடித்த பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரம்மா, பட்டையைக் கழற்றிக்கோங்க, ஆனா வண்டி சாயக் கூடாது, கதவு மூடணும், எனக்கு அது பீரோ என்றார். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாரே, ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. குனிந்து பார்த்தேன். வண்டியைக் கட்டை மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதனால் இத்தனை வருஷமும் பட்டைக்குச் சுமையே இல்லை, வளைவு அப்படியே இருந்தது. சுத்தியலால் ஒவ்வொரு பட்டையாகத் தட்டிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். எல்லாம் மணி மாதிரி அடித்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

பட்டையின் கண்ணுக்குள் போகிற ரப்பர் புஷ் மட்டும் புதிதாக வேண்டும். அதையும் ஏதோ ஒரு வேன் கடையில் அளந்து அளந்து மாப்பிள்ளையே வாங்கிவிட்டார்.

மாட்டுவதற்கு மெக்கானிக்கைப் பிடித்ததும் அவர்தான். அந்த ஆளுக்கு ஊரெல்லாம் அப்புறம் என்று பேர். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்த்துக்கலாம் என்பான். கல்யாணத்தையும் அப்படித்தான் சொல்லிச் சொல்லி, தலை நரைத்துவிட்டது என்று கேள்வி. வேலை என்னவோ சுத்தமாகத்தான் செய்தான். வியாழக்கிழமை காலை பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பழசைக் கழற்றி, புதுசை மாட்டினான். சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கியது. மதியம் ஒரு போன் வந்தது. நடுரோட்டில் லாரி ஒன்று நின்றுவிட்டதாம். கையைத் துடைத்துக்கொண்டே, பெரியவரே, எதையும் தொடாதீங்க, காலைல வந்து மிச்சத்தை இறுக்கிக்கலாம் என்றான். நாளைக்கு ஆள் வருகிறாள், இப்பவே இறுக்கிவிட்டுப் போ என்றேன். அப்புறம் என்று சொல்லிப் போய்விட்டான்.

அவன் போனதும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டையைப் பிடிக்கிற போல்ட் எல்லாம் விரலால் சுற்றினால் சுற்றுகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும். நாளைக்கு என் தங்கச்சி உட்காரப் போகிற வண்டி.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, உங்க ஆளோட லட்சணத்தை," என்றேன். "இப்படி விட்டுட்டுப் போனா நாலு தடவை கூப்பிடுவோம்னு கணக்கு."

அவர் குனிந்து பார்த்தார். காலையில் வருவதாகத்தானே சொன்னான் என்று இழுத்தார். நான் பெரிய ஸ்பேனரை எடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் காலால் மிதித்து, இனி ஆண்டவனே வந்தாலும் அவிழ்க்க முடியாது என்கிற மாதிரி இறுக்கினேன். ஸ்டாண்டை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினேன்.

இறங்கின வண்டி, முதுகைத் தூக்கின பூனை மாதிரி நின்றது. புதுப் பட்டை, போகப் போகப் படியும் என்று சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பின் சீட்டில், அவள் எப்படி உட்காருவாளோ அப்படி, முதுகுக்குத் தலையணை வைத்து, காலை நீட்டி உட்காரச் சொல்லி, தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போனேன். நோஞ்சான் உடம்பு. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சாண் எழும்பி விழுந்தார். ஒரு வார்த்தை முனகவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"மச்சான், தப்பா நெனக்காதீங்க," என்றார். "பழைய பட்டையே தேவல போல இருக்கு."

பட்டை மோசம், புஷ் மோசம், ஆளும் மோசம் என்று ஒரு பாட்டம் கத்தினேன். கத்தினால் வண்டி இறங்குமா. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கச்சி பையெல்லாம் கட்டித் தயாராக வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம், எங்க அண்ணன் எனக்காக வண்டியையே மாத்திட்டாரு என்று பீற்றிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, சொன்னபடி நம்ம அப்புறம் வந்தான். வண்டி நிற்கிற நிற்பைப் பார்த்ததுமே அவன் நடை நின்றுவிட்டது.

"யாரு இறுக்கினது?"

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் அவரைப் பிடி பிடி என்று பிடித்தான். படித்துப் படித்துச் சொன்னேனே சார், தொடாதீங்கன்னு சொன்னேனே, கடிகாரத்தைத் திறந்து நான் கையை விட்டா நீங்க சும்மா இருப்பீங்களா என்று கேட்டான். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தப்புதான், தப்புதான் என்றார். ரப்பர் கிழிந்திருந்தால் இன்றைக்கு வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு அவன் பையை எடுக்கப் போனான்.

நான் அவரைச் சுவரோரம் இழுத்தேன்.

"எதுக்கு மாப்பிள்ளை பொய் சொன்னீங்க?"

"உங்களை அவன் ஒரு வார்த்தை கேட்டா, நீங்க நாலு வார்த்தை கேப்பீங்க. அவன் பையைத் தூக்கிட்டுப் போயிடுவான்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "அவ எதுல வருவா மச்சான்?"

இந்த மனுஷன் பொய் சொல்கிறவர் என்று ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். இன்றைக்கு என் கண் முன்னாலேயே சொல்லிவிட்டார். அதற்கு நான் என்ன பண்ணுவது. மெக்கானிக் திரும்பி வந்ததும் அவன் முன்னால் போய் நின்றேன்.

"இறுக்கினது நான். இவருக்கு ஸ்பேனர்ல எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

"தெரியும் பெரியவரே," என்றான் அவன். "அவர் கையால இவ்வளவு இறுகாது."

அதோடு விட்டான். நாலு வார்த்தை வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன், ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

கனமான பலகைகளை அடுக்கி, பின் சக்கரங்களை அதன் மேல் ஏற்றி நிறுத்தச் சொன்னான். ஜாக்கி இல்லை, ஸ்டாண்டு இல்லை. வண்டி தன் காலிலேயே நிற்க, அடியில் அவன் படுத்துக்கொண்டான். நானும் பக்கத்தில் படுத்தேன். அவனை நம்பாமல் இல்லை. சரி, நம்பாமலும்தான்.

"பாருங்க," என்றான். "இந்த ரப்பரை நடுவுல கவ்விப் பிடிக்கிறது போல்ட்டுதான். சக்கரம் தொங்கும்போது கவ்விட்டா, வண்டி எடை இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கும். முறுக்கினது திரும்பிப் போகத்தான் பாக்கும். அதான் வண்டியைத் தூக்கித் தூக்கி அடிக்குது. எடை இறங்கட்டும். அது எப்படி நிக்க ஆசைப்படுதோ அப்படி நின்னதுக்கப்புறம் இறுக்கணும்."

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

கேட்டுக்கொண்டே போல்ட்டைத் தளர்த்தினான். நான் இறுக்கினதை அவிழ்க்க அவனுக்கே விரல் முட்டி வெளுத்துவிட்டது. கடைசி போல்ட் தளர்ந்ததும் வண்டி ஒரு முனகல் முனகி இறங்கியது. ரப்பரை விளக்கு அடித்துப் பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான், கிழியவில்லை. மாப்பிள்ளையைப் பின் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னான். பிறகு வெளியே வந்து, பின்பக்கத்தைப் பிடித்து நாலு அமுக்கு அமுக்கிக் குலுக்கினான். உள்ளே மாப்பிள்ளை தலை தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி ஆடியது. அது அடங்கின பிறகு மறுபடி படுத்து ஒவ்வொன்றாக இறுக்கினான். நான் ஸ்பேனரைக் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நடைப்பயிற்சி அம்மா வண்டியில் உட்கார்ந்து வேகத்தடை மேல் ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னார். தங்கச்சியைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு மெல்லத் திரும்பி, காலை உள்ளே எடுக்க வேண்டும். அந்தப் பக்கக் கதவு வழியாக மாப்பிள்ளை ஏறி, முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் சீட் விளிம்பைப் பிடித்திருந்தாள். விரல் நுனி வெளுத்திருந்தது.

நான் நத்தை மாதிரி ஓட்டினேன். எனக்குப் பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரனிலேயே என்னைத் திட்டினான். கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் பள்ளம் வந்தது. கண்ணை இறுக்க மூடினாள். வண்டி இறங்கி, ஏறி, அடங்கியது. கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள்.

"அண்ணே, பள்ளம் வரலியா?"

"போச்சு," என்றேன்.

அடுத்ததற்கு அவள் கண்ணை மூடவில்லை. பாலத்து ஏற்றத்தில் ஒரு கையை விட்டாள். ஏன் இப்படி ஊர்றீங்க, சைக்கிள்காரன் எல்லாம் நம்மளைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறான் என்றாள். கொஞ்சம் வேகம் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

எங்கள் தெரு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளை தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூடச் சரியாகத் தூங்கவில்லை என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தது. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவைத்து நின்றார்கள். நான் பிரேக்கில் கால் வைக்கப் போனேன். மாப்பிள்ளை கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"தோள் மரத்துப்போகலியா மாப்பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது போய் ரொம்ப நேரம் ஆச்சு. நீங்க ஓட்டுங்க மச்சான்."

வாசலில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, வீட்டைத் தாண்டி வண்டியை நேராக விட்டேன்.