வானத்திலிருந்து விழுந்த போர்வை

மடியில் கிடந்த மகனின் சட்டையைச் சுகிர்தம் தூக்கிக் காட்டியதும் சுகந்தன் குனிந்து பார்த்தான். கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்புவரை செக்கச்செவேலென்று பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். ஜெரோமி பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தொட்டால் சிணுங்கினான். அந்த நேரம் பார்த்துத்தானா தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவின் ரேடியோ அலற வேண்டும்! ரஷ்யக்காரர்களின் பழைய விண்வெளி நிலையம் இந்த வாரம் கீழே விழப்போகிறதாம். கடலில்தான் விழுமாம், ஆனாலும் துண்டு துணுக்கு எங்கே கிடந்தாலும் தொடாமலிருப்பது நல்லதாம். யாரோ ஒருவர் கல்யாண வீட்டுக்கு அழைப்பது போல அத்தனை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுகிர்தம் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க, இந்தப் போர்வை வானத்துலருந்து விழுந்துச்சுன்னு?"

சொன்னது உண்மைதான். போன வாரம் மருந்தடிக்கப் போனபோது, தோட்டத்தின் மேட்டுப்பக்கம் தேயிலைச் செடிகளின் மேல் அந்தப் போர்வை யாரோ விரித்துவைத்தது போலக் கிடந்தது. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் தங்க நிறம். கையில் எடுத்தால் எடையே இல்லை, கசக்கினால் சரசரவென்று சத்தம். பக்கத்தில் பாதையும் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணியின் விடியற்காலைக் குளிர் என்ன லேசுப்பட்ட குளிரா? வேலைக்குப் போகும் வழியில் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விடத் தூக்கிப் போகும்போதெல்லாம் மகனின் உதடு நீலம் பூத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தவன், அதை உதறி மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஏது என்று கேட்ட மனைவியிடம், "வானத்துலருந்து ஜெரோமிக்குன்னே விழுந்துச்சு புள்ள" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான். பாழாய்ப்போன வாய் சும்மா கிடந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போக மத்தியானம்தான் பஸ். அதுவரை கையைப் பிசைந்துகொண்டு இருக்க முடியுமா? பள்ளிக்கூட விடுதிக்கு ஓடினான். விஞ்ஞானம் படிப்பிக்கும் பேரின்பநாயகம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சவரம் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டவுடன் பாதி முகம் சோப்பு நுரையோடு புறப்பட்டுவிட்டார். அவர் முகத்தில் தெரிந்தது பயமல்ல, அப்பட்டமான சந்தோஷம். சுகந்தனுக்கு எரிச்சலாக வந்தது.

"எங்க தம்பி கிடந்தது? ஆரும் கை வைச்சவையோ?"

"புள்ளையச் சுத்தி வச்சிருந்தோங்க, சேர்."

அதைக் கேட்டதும் அவர் நடையை எட்டிப் போட்டார்.

லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் போர்வையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார், மடித்தார், விரித்தார், ஒரு ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"விண்வெளியில கிடந்த பிளாஸ்ரிக் இப்பிடி மடியாது, தம்பி. அங்க வெயிலை மறைக்க ஒரு முகில் இல்லை, காத்தும் இல்லை. வருசக்கணக்காக் காய்ஞ்சு மஞ்சளிச்சு அப்பளம் மாதிரி நொறுங்கும். தனக்குள்ள இருக்கிற ஆவியையெல்லாம் கக்கிப்போடும். அது போய் விண்கலத்துக் கமராக் கண்ணாடியில படிஞ்சு படமே தெரியாமப் போறதும் உண்டு. இது புதுசு போலக் கிடக்கு. எரிஞ்ச அடையாளமும் இல்லை. விண்வெளிக்கெண்டு கண்டுபிடிச்ச சாமான்தான். ஆனா அங்க போகேல்லை எண்டு நினைக்கிறன்."

நினைக்கிறாராம்! பிள்ளையின் முதுகு பற்றி எரிகிறது, இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சுகந்தன் வாயைத் திறப்பதற்குள் சுகிர்தம் போர்வையைப் பிடுங்கினாள். ஒரு மூலையில் மெழுகுதிரி மெழுகு சொட்டி இறுகிக் கிடந்தது. அதற்குள் முழ நீள வெள்ளை நூல் ஒன்று.

"இதப் பாருங்க. மலைக்கு ஏறுறவங்க ஊசியில கோத்து வழி நெடுக ஓட்டிக்கிட்டுப் போவாங்களே, அந்த நூலுதானே இது?"

சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகும் சீசனில் பாதையோரச் செடிகளெல்லாம் அப்படி நூல் சுற்றித்தான் கிடக்கும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"ராக்கெட்டுல யாருங்க நூல் ஓட்டுறது?" என்றாள்.

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். குளிருக்கு இதைப் போர்த்திக்கொண்டு மலை ஏறின வெள்ளைக்காரர் யாரோ உச்சியில் விட்டிருப்பார், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. பிறகு பிள்ளையின் கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"ஐயோ, ஈரம்! இதுக்கு மேல அதையும் சுத்தினனீங்களோ?"

"ரெண்டு சுத்து."

"அது சூட்டை வெளிய விடாது, தங்கச்சி. பிள்ளையைப் புட்டு மாதிரி அவிச்சுப்போட்டியள். வேர்க்குருப் போலக் கிடக்கு. திறந்து விடுங்கோ, குறையாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

நல்லதண்ணியில் வேர்க்குரு! பக்கத்துக் காம்பரா வீரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெற்று முதுகோடு மடியில் குப்புறக் கிடந்த ஜெரோமி சிணுங்கலை நிறுத்தினான். பால் குடித்தான், தூங்கினான். மத்தியான பஸ் வந்து ஹோன் அடித்தபோது புள்ளிகள் பாதி மங்கியிருந்தன. சுகிர்தம் பஸ்ஸைப் போகவிட்டாள். சுகந்தனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூலையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் மாஸ்டர் பிள்ளையைப் பார்க்க மறுபடி வந்தார். போர்வையை எரித்துவிடட்டுமா என்று சுகந்தன் கேட்டான். புகை பிள்ளைக்கு ஆகாது என்றார். புதைத்தால் ஜெரோமியின் பேரன் தோண்டினாலும் இப்படியேதான் மினுங்கும் என்றார்.

"மேல கெடந்தா நொறுங்கும்னீங்க, கீழ கெடந்தா அழியாதுங்கிறீங்க" என்றாள் சுகிர்தம்.

"வெயில்ல போட்டா இங்கயும் நொறுங்கும். நொறுங்கிறது வேற, அழியிறது வேற. பொடியாகி, மலையில இருந்து நீங்கள் பிடிச்சுக் குடிக்கிற பீலித் தண்ணியில வரும். மேலயும் பொடி, உடைசல் எல்லாம் பூமியைச் சுத்திக்கொண்டுதான் கிடக்கு."

"மேலயும் குப்பைதானா? கூட்ட ஆள் போட்டிருக்காங்களா, சேர்?"

"இல்லை" என்றார் மாஸ்டர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அவர் போனபின் சுகந்தன் அதை உள்ளங்கையளவுக்கு மடித்து அடுப்பங்கரை மூலையில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் குழவிக்கு அடியிலிருந்து சரசரவென்றது. ஒரு மடிப்பு தானாகப் பிரிந்து, அடுப்பு நெருப்பை வாங்கிப் பளபளத்தது. சுகிர்தத்தின் மடியிலிருந்த ஜெரோமி அதைக் கண்டுவிட்டான். பொக்கை வாயைத் திறந்து சிரித்து, இரண்டு கைகளையும் அதை நோக்கி நீட்டினான்.