துரைசாமி அழுதபோது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் கட்டிங் செக்ஷனில் இருந்த துரைசாமி, ஓய்வு பெறும் நாளில் மைக் முன்னால் அழுதார். "எங்க பஸ்ல தில்ஷாத்னு ஒரு பொண்ணு வரும்..." அதற்கு மேல் பேச முடியவில்லை. இளசுகள் கைதட்டினார்கள்.

"அய்யாவுக்குக் கொழந்த மனசு," என்றாள் சௌமியா, பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் மெர்சியிடம். "நீங்க இன்னா மேடம், ஒரு சொட்டு கூட வரல?"

அந்தக் கூட்டத்தில் தில்ஷாத்தைத் தெரிந்தவர்கள் மெர்சியும் துரைசாமியும்தான்.

இருபத்து நான்கு வருடத்துக்கு முன், பேரணாம்பட்டிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் மெர்சியும் தில்ஷாத்தும் ஒரே சீட். முன்சீட்டில் துரைசாமி. தில்ஷாத் மேனேஜர் குரலில் பேசிக்காட்டினால் பஸ்ஸே சிரிக்கும். ரம்ஜான் மாதத்தில் தான் நோன்பிருந்துகொண்டு இவர்கள் இருவருக்கும் பேரீச்சம்பழம் கொண்டுவருவாள்.

ஒரு மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் கண்டு நான்கே நாளில் இறந்துபோனாள். செய்தி வந்தபோது கம்பெனி கேட் அருகே இருவரும் அழுதார்கள்.

மெர்சிக்கு யாரோ டீ வாங்கித் தந்தார்கள். "சின்னப் பொண்ணு, அழட்டும்." அடுத்த மாதம் சூப்பர்வைசர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. "எதுக்கெடுத்தாலும் அழுவுற பொண்ணு லைனை எப்டிப் பாக்கும்?" என்றார் மேனேஜர். அவள் அழுதது அந்த ஒருமுறைதான்.

துரைசாமிக்கு யாரும் டீ தரவில்லை. "ஆம்பள இப்டி அழுவுறான்னா சும்மாவா? அவனுக்கும் செத்த பொண்ணுக்கும் இன்னாவோ இருந்திருக்கு," என்றார்கள். இந்தப் பேச்சு தில்ஷாத் வீட்டுக்குப் போய்விடுமோ என்று பயந்து அவர் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. மெர்சியும் அதன்பிறகு கம்பெனியில் அழவில்லை. ஆறு வருடம் கழித்து சூப்பர்வைசர் ஆனாள். அப்போது அவளுக்கு ராங்கிக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

விழா முடிந்ததும் துரைசாமி மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவளிடம் வந்தார். "கை தட்டுறாங்க மெர்சி. கிழவன் அழுதா அழகா இருக்கும் போல."

"அவ வீட்டுக்குப் போலாமாண்ணா?"

"இவ்ளோ நாள் கழிச்சா?"

"இப்ப உங்கள யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்குப் போனார்கள். தில்ஷாத்தின் தங்கை ஷஹீன் பானு கதவைத் திறந்தாள். துரைசாமி பெயரைச் சொன்னதும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொரண்ணனா? அந்தப் பேச்சு எங்க வீட்டுக்கும் வந்துச்சுண்ணா. அம்மா நம்பவே இல்ல. எம்பொண்ணுக்காக ஒரு ஆம்பளப் புள்ள நடுரோட்ல நின்னு அழுதிருக்கு, அந்தப் புள்ளய ஒரு தடவ பாக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. போன வருஷம்தான் மௌத்தானாங்க."

துரைசாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த முறை மெர்சிக்குத்தான் அடக்க முடியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து, சத்தம் போட்டு அழுதாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

ஷஹீன் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "அந்த மேனேஜர் மாதிரி எங்கக்கா பேசுமே, அது எப்டிக்கா? எனக்கு மறந்தே போச்சு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெர்சி அந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள்.